அப்பா டப்பிங் பேசிய ஸ்பைடர்மேன்

ஸ்பைடர்மேன் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் டோபி மெக்வயரா, ஆண்ட்ரூ கார்ஃபீல்டா, டாம் ஹாலண்டா என்று ஒரு பட்டிமன்றமே நடத்துவார்கள். நாற்பதைத் தாண்டிய நமக்கு அந்தக் குழப்பமே கிடையாது. ஒரே ஒருத்தர்தான். தூர்தர்ஷனில் வந்தவர். சுற்றிலும் கட்டடமே இல்லாத ஆகாயத்தில் எதையோ பிடித்துத் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம் ஆடுவாரே, அவர். அந்தப் பாட்டின் மெட்டு இன்னும் காதில் இருக்கிறது. வார்த்தைகளில் அவர் பெயரைத் தவிர வேறெதுவும் அப்போது புரிந்ததில்லை.

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று வைத்திருந்த விஷயம். மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட், அப்புறம் பையனின் பரீட்சை என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பெரிதாகவே சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் சாத்தூர். கொடைக்கானல் மலையில் டவர் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் தூர்தர்ஷன் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் தெற்கே ஆன்டெனாவைப் பனைமர உயரத்துக்கு ஏற்றி இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த வசதியெல்லாம் இல்லை. அப்பா வங்கியில் கிளார்க். எண்பதுகளின் கடைசியில் ஒரு தீபாவளிக்குப் பண்டிகை அட்வான்ஸ் போட்டு 14 இஞ்ச் டயனோரா ஒன்று வாங்கினார். கறுப்பு வெள்ளை. அன்றைக்குத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆகவே எங்கள் ஸ்பைடர்மேன் சாம்பல் நிறம். கொஞ்சம் அடர்ந்த சாம்பல், கொஞ்சம் வெளுத்த சாம்பல், அவ்வளவுதான். சிவப்பும் நீலமும் என்று எனக்குத் தெரிந்ததே பின்னால் ஒரு நோட்டு லேபிளைப் பார்த்துத்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை, ஏதோ கோவில் திருவிழாவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இது நம்மூர் காமிக்ஸ் ரசிகர்களுக்குத்தான் புரியும். சிவகாசி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1984-ல் ஆரம்பித்த லயன் காமிக்ஸில் 'ஸ்பைடர்' என்று ஒரு ஆள் வருவார். கூர்மையான காது, கையில் வலை வீசும் துப்பாக்கி, முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பிப் பிறகு நல்லவராக மாறியவர். இங்கிலாந்துப் பத்திரிகையில் அறுபதுகளில் வந்த கதை. அதற்குப் பின்னாளில் கதை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதெல்லாம் இப்போது தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்கு ஸ்பைடர் என்றால் அவர்தான். டிவியில் வந்தவர் அவருக்குத் தம்பி முறை என்று வகுப்பில் ஒருவன் அடித்துச் சொன்னான். நாங்களும் நம்பினோம்.

சரி, அப்பாவிடம் வருகிறேன்.

அந்தக் கார்ட்டூன் எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் ஓடியது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வரும். அவர் எழுதிய லெட்ஜரும், மேலிடத்துக்குப் போகும் கடிதமும் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்கக்காரன் மூக்கால் பேசுகிற ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. அதை எங்களிடம் காட்டிக்கொள்ளவும் அவர் தயாரில்லை. நானும் தங்கையும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரும் தரையில் உட்கார்ந்திருப்போம். அப்பா நாற்காலியில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்து, காராச்சேவை மென்றுகொண்டே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தமிழில் பேசிக்கொண்டு வருவார். கொஞ்சமும் தயங்காமல், படத்தில் வாய் அசைவது நிற்கும்போது தானும் நிறுத்தி.

ஜே. ஜோனா ஜேம்சன், அந்த மீசைக்காரப் பத்திரிகை ஆசிரியர், அப்பா டப்பிங்கில் கிளை மேனேஜர். "நேத்து எங்கடா போன? லீவ் லெட்டர் எங்க? ஒன்னைய வட்டார ஆபீசுக்கு எழுதிப் போடுறேன் பாரு" என்று கத்துவார். பீட்டர் பார்க்கர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், எங்க அத்தைக்கு மேலுக்குச் சொகமில்ல சார்" என்பான். பெட்டி பிராண்ட் என்கிற அந்த ஆபீஸ் பெண், "சார் கோவமா இருக்காரு, சாயந்திரமா வாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லும். டாக்டர் ஆக்டோபஸ் வந்தால், "ரெண்டு கையால டேலி பண்றதுக்கே எனக்கு ராத்திரி எட்டு மணியாகுது, இவன் எட்டுக் கையை வச்சுக்கிட்டு பேங்க்ல சேராம திருடப் போயிருக்கான் பாரு" என்று கமெண்ட் வேறு. காண்டாமிருக வேஷத்தில் ஒருவன் வந்து சுவரை இடிப்பான். அப்பா கணக்கில் அவன் லோன் கேட்டுக் கிடைக்காமல் போன கஸ்டமர்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். வேறு வீட்டில் பார்த்தவன் யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவனுக்கு மட்டும் என்ன புரிந்திருக்கும்!

பல வருடம் கழித்து, என் மகனுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, யூடியூபில் அந்தப் பழைய எபிசோடுகளைத் தேடிப் போட்டுக் காட்டினேன். முதல் அதிர்ச்சி, அவ்வளவு சுமாராக வரைந்திருக்கிறார்கள். உடையில் வலைக்கோடு முகத்திலும் கையுறையிலும் காலணியிலும்தான் இருக்கிறது, உடம்பில் கோடே இல்லை. வரைகிற வேலை மிச்சம். ஒரே தொங்கலைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "அப்பா, இது இப்பதானே வந்துச்சு?" என்று பையன் நாலு தடவை கேட்டுவிட்டான். பிறகு தேடிப் படித்ததில் விவரம் கிடைத்தது. 1967-ல் அமெரிக்காவில் ஏபிசி சேனலில் ஆரம்பித்தது. முதல் சீசனை எடுத்த கிராண்ட்ரே-லாரன்ஸ் கம்பெனி அதோடு திவாலாகிவிட்டது. அடுத்த இரண்டு சீசன்களை ரால்ஃப் பாக்ஷி கையில் கொடுத்தார்கள். பணமும் இல்லை, நேரமும் இல்லை. பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். 'ராக்கெட் ராபின் ஹூட்' என்ற இன்னொரு கார்ட்டூனின் எபிசோடு ஒன்றை எடுத்து அதில் ஸ்பைடர்மேனை நுழைத்துக்கூட ஓட்டியிருக்கிறார்கள். மொத்தம் 52 எபிசோடு. இருபது வருடம் கழித்து அது சாத்தூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்பாவுக்குப் பிடிபடாத அந்த அமெரிக்க மூக்குக் குரல்கூட அமெரிக்கக் குரல் இல்லையாம். பேசியவர்கள் கனடாக்காரர்கள். ஸ்பைடர்மேனுக்குக் குரல் கொடுத்த பால் சோல்ஸ் 2021-ல்தான் காலமானார்.

இரண்டாவது அதிர்ச்சி, வசனம். இப்போது ஆங்கிலம் புரிகிறதே. அப்பா சொன்ன ஒரு வரிகூட அதில் இல்லை. லீவ் லெட்டர் இல்லை, வட்டார ஆபீஸ் இல்லை, லோன் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சரியாக இருந்தது. ஜேம்சன் உண்மையிலேயே எந்நேரமும் கத்துகிறார், பீட்டர் உண்மையிலேயே காசுக்கு அல்லாடுகிறான். அதை அப்பா முகத்தைப் பார்த்தே பிடித்திருக்கிறார்.

2018 டிசம்பரில் 'ஸ்பைடர்மேன்: இன்ட்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' வந்தது. செம்பூர் பக்கம் ஒரு மல்டிபிளெக்ஸில் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஒன்பது வயது. தங்கமணி, "கார்ட்டூனுக்கா இவ்வளவு ரூபா டிக்கெட்டு?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்த எனக்குப் பத்து நிமிடம் கண் கூசியது. அச்சடித்த காமிக்ஸ் புத்தகத்தை யாரோ எடுத்து உலுக்கிவிட்ட மாதிரி. மலிவு அச்சில் வருமே புள்ளிப் புள்ளியாக நிறம், அது திரை முழுக்க இருக்கிறது. சாம்பல் நிறத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிற மைல்ஸ் மொராலெஸ் என்ற பையன்தான் நாயகன். அப்பா கறுப்பினத்தவர், போலீஸ்காரர். அம்மா போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். வீட்டில் ஸ்பானிஷ், தெருவில் ஒரு மொழி, சேர்த்துவிட்ட பெரிய பள்ளிக்கூடத்தில் வேறொரு பாஷை. பம்பாயில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனும் பழைய பீட்டரும் காட்டில் மரத்துக்கு மரம் தாவும் காட்சியில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. பீட்டருக்கு ஒரு விநாடிக்கு 24 படம் வரைந்திருக்கிறார்கள், மைல்ஸுக்கு 12 தான். அதனால்தான் பக்கத்திலேயே தாவினாலும் பீட்டர் வழுக்கிக்கொண்டு போகிறார், பையன் தடுமாறுகிறான். தொழில் பழகப் பழக அவனுக்கும் படம் கூடுகிறது. 1967-ல் காசில்லாமல் படத்தைக் குறைத்தார்கள், 2018-ல் காரணத்தோடு குறைத்திருக்கிறார்கள். அந்த வருடத்துக்கான ஆஸ்கரும் அதற்குத்தான் கிடைத்தது.

கடைசியில் பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி. பாதி கூட்டம் போய்விட்டது. எதிர்காலத்திலிருந்து வரும் ஒரு ஸ்பைடர்மேன் "முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று 1967-க்குப் போகிறார். அங்கே நம்மாள்! அதே வெறும் உடம்பு, அதே தட்டையான கட்டடம், அதே விறைப்பு. இரண்டு பேரும் நீதான் முதலில் விரலை நீட்டினாய், இல்லை நீதான் என்று சண்டை போடுகிறார்கள். இரண்டு ஸ்பைடர்மேன் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி நிற்கும் அந்தப் பழைய காட்சி இணையத்தில் பெரிய கேலிப்படமாகச் சுற்றியது பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அரங்கில் முதலில் சத்தமாகச் சிரித்தது நான்தான். என் சிரிப்பு அதற்கு இல்லை. நம்மாள் கலரில் இருந்தார்.

அந்தப் படத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். வெவ்வேறு உலகத்திலிருந்து வந்த ஸ்பைடர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் தங்கள் இழப்பைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு மாமா, ஒருவருக்கு அப்பா, ஒருத்திக்கு உயிர்த் தோழன். யாராவது செத்தால்தான் ஸ்பைடர்மேன் ஆகமுடியும் போல. எங்கள் சாம்பல்காரருக்கு அப்படி ஒரு துக்கம் இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. தேடிப் பார்த்தால், அந்தப் பூர்வ கதை இரண்டாவது சீசனில்தான் வருகிறதாம். எங்கள் வீட்டில் அது ஓடியிருந்தால் அப்பா அதற்கு என்ன பேசியிருப்பார் என்று தெரியவில்லை.

அப்பா 2000-ல் இறந்தார். மாரடைப்பு. காலையில் கிளைக்குப் போனவர், மதியம் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. சேர்வதற்காக மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் பேசி வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. கருணை அடிப்படையில் அப்பாவின் வங்கியிலேயே எனக்கு கிளார்க் வேலை கிடைத்தது. பிறகு பரீட்சை எழுதி ஆபீசர் ஆனேன், மாற்றலில் பம்பாய் வந்தேன், பேங்க் உத்தியோகம் என்று மாமனார் நம்பிப் பெண் கொடுத்தார்.

இந்த மாதிரி வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "மனுசன் போனாலும் புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்காரு." அம்மாவும் இத்தனை வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, "ஒங்கப்பா குடுத்த வேலைய்யா" என்றாள். நல்ல மனதோடு சொல்கிற வார்த்தைதான். ஆனால் அது எனக்குள் முள்ளாகவே கிடந்தது. அவர் வழி பண்ணிவிட்டுப் போகவில்லை. அவருக்கு 51 வயது, சாகிற எண்ணமே அவருக்கு இல்லை.

அடுத்த படம் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' 2023 ஜூனில் வந்தது. இந்தியாவில் பத்து மொழிகளில் வெளியிட்டார்கள். அப்போது லீவுக்கு நாங்கள் சாத்தூரில் இருந்தோம். பம்பாய்ப் பள்ளிக்கூடம் ஜூன் நடுவில்தானே திறக்கும். பையனுக்கு முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும். மதுரையில் தமிழில் ஓடுகிறது என்று தெரிந்ததும், "தமிழ்லயா?" என்று முகத்தைச் சுளித்தான். ஏறு காரில் என்றேன்.

அதில் பவித்ர பிரபாகர் என்று ஒரு இந்திய ஸ்பைடர்மேன் வருகிறான். ஆள் புதிதில்லை. 2004-ல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய காமிக்ஸ் பாத்திரம். ஹிந்தியிலும் பஞ்சாபியிலும் அவனுக்குக் குரல் கொடுத்தது கிரிக்கெட் ஆட்டக்காரர் ஷுப்மன் கில். அவன் ஊர் பெயர் மும்பாட்டன், மும்பையும் மன்ஹாட்டனும் சேர்ந்த ஊர். அடுக்கடுக்காக வீடு, நடுவில் போக்குவரத்து நெரிசல், துணி காயும் கயிறு. அந்த ஊரை வரைவதற்கு எழுபதுகளின் இந்திரஜால் காமிக்ஸைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது வேதாளரும் மாண்ட்ரேக்கும் வந்த அந்தப் புத்தகங்களின் அச்சு நிறம். "அப்பா, நம்ம ஊரு!" என்று பையன் கத்தினான். மதுரை தியேட்டரில், தமிழ் பேசுகிற மும்பையைப் பார்த்து, சாத்தூர்க்காரன் பிள்ளை சொல்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. அவனைத் திருத்த முடியாது. அவன் பிறந்தது முலுண்டில்.

கதை அங்கேதான் திரும்புகிறது. மும்பாட்டனில் ஒரு கட்டடம் சரிகிறது. பவித்ரனின் தோழி காயத்ரியின் அப்பா இன்ஸ்பெக்டர் சிங், ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொள்கிறார். மைல்ஸ் பாய்ந்து அவரைக் காப்பாற்றிவிடுகிறான். நாம் கை தட்டுகிறோம். பார்த்தால் அதுதான் குற்றமாம்! அவர் அன்றைக்குச் சாக வேண்டியவராம். எல்லா ஸ்பைடர்மேன் கதையிலும் ஒரு போலீஸ் அதிகாரி சாக வேண்டும், நெருங்கிய ஒருவர் சாக வேண்டும், அது விதி, அதை மாற்றினால் அந்த உலகமே பிய்ந்துவிடும் என்கிறார் மிகேல் ஓஹாரா. அதே எதிர்கால ஸ்பைடர்மேன்தான், 1967-க்குப் போனவர்.

இந்த மிகேலை எனக்கு நன்றாகத் தெரியும். வங்கியில் இருக்கும் யாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவாரே, அவர். சர்க்குலர் எண்ணோடு பேசுவார். இந்த ஒரு கேஸுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்றால், அப்புறம் எல்லாரும் கேட்பார்கள், சிஸ்டம் தாங்காது என்பார். கெட்டவர் இல்லை. அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். அதுதான் கஷ்டம்.

மைல்ஸின் அப்பாவும் சீக்கிரம் கேப்டன் ஆகப்போகிறார். அப்படியென்றால் அவரும் பட்டியலில் இருக்கிறார். பையன் முடியாது என்கிறான். எனக்கு உலகமும் வேண்டும், அப்பாவும் வேண்டும் என்று ஓடுகிறான். நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்கள் துரத்துகிறார்கள். கடைசியில் அவன் வந்து சேர்வது தன் உலகத்துக்கு இல்லை. வேறொரு உலகம். அங்கே அவன் அப்பா ஏற்கெனவே செத்துவிட்டார், அங்கே இருக்கிற அவன் வேறு மாதிரி ஆளாகியிருக்கிறான். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்தார்கள்.

நான் கொஞ்ச நேரம் எழவில்லை. என் இன்னொரு உலகத்தில் நான் எப்படி இருப்பேன் என்று ஓடியது. மதுரையிலோ சிவகாசியிலோ ஆடிட்டர். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கும் பட்டாசுக் கம்பெனிக் கணக்கும் பார்த்துக்கொண்டு. வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, டிவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டியதும் பையன் கேட்டான்.

"அப்பா, தாத்தா சாகலேன்னா நீங்க பேங்க்ல சேந்திருக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அப்ப பாம்பே வந்திருக்க மாட்டீங்க. அம்மாவைக் கல்யாணம் பண்ணியிருக்க மாட்டீங்க. நான் இருக்க மாட்டேன்."

"ஆமா."

"அப்ப தாத்தா செத்தது கேனன் ஈவென்டா?"

பின் சீட்டில் தங்கமணி தூங்குவது போல இருந்தாள், தூங்கவில்லை. விருதுநகர் வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றால் அப்பா சாவுக்கு நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட மாதிரி. இல்லை என்றால் இவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பான். பதினாலு வயசுப் பையனிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கவும் மனமில்லை. "தெரியலடா" என்றேன். புரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பேச்சை மாற்றினாள் தங்கமணி.

ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஜூன் மாசச் சாத்தூர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா விசிறிக்கொண்டே, "என்ன படம்யா பாத்தீக?" என்றாள். பையன் முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னான். அவன் தமிழ் பாதி பம்பாய் தமிழ். 'அப்பத்தா, அவன் கி அப்பா இருக்காருல்ல' என்று போகும். பல உலகம் இருக்கிறது என்பதை அம்மா உடனே ஏற்றுக்கொண்டாள், ஈரேழு பதினாலு கேள்விப்பட்டவள்தானே. மிகேல் விஷயம் வந்ததும் விசிறியை நிறுத்திவிட்டாள்.

"அப்பன் சாகணும்னு ரூல்ஸா? எவன் போட்டான்?"

"அதான் அப்பத்தா, எல்லார்க்கும் அப்படித்தான் நடந்துச்சாம். இவனுக்கும் நடக்கணுமாம்."

"அந்தப் பய சொல்றதுதான் சரி. ஓடட்டும்."

பையன் என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது, தடுப்பதற்குள் கேட்டேவிட்டான். தாத்தா செத்ததால்தானே அப்பாவுக்கு வேலை கிடைத்தது என்று.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். "அது தாத்தா குடுத்த வேலை இல்லய்யா. எனக்கு வந்த வேலை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், வயசுக்கு விலக்கு வாங்கிக்கிரலாம், நீங்களே சேரலாம்மான்னு மேனேஜரு வீட்டுக்கு வந்து சொன்னாரு. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில எம்மவன் பேரை எழுதிக்கோங்கன்னு சொல்லி, எனக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

அந்தப் படிவம் எனக்குத் தெரியும். மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது. ஆபீசரான பிறகு எத்தனையோ பேரிடம் நானே வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். எங்கள் கோப்பிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும், அது ஒரு சடங்கு என்றுதான் இருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு ராத்திரி இருந்தது என்று இருபத்துமூன்று வருடம் கழித்து மொட்டை மாடியில் தெரிகிறது.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"என்னத்தச் சொல்ல? ஒங்கப்பா குடுத்ததுன்னு சொன்னா நீ ஒழுங்காப் போவ. நான் குடுத்ததுன்னா எதுத்துப் பேசுவ."

தங்கமணி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்தான், "அப்ப கேனன் ஈவென்ட் இல்ல, அப்பத்தா சாய்ஸ்" என்று தானாக முடிவு செய்துகொண்டு, செல்போனை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். நான் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்டருக்குப் பின்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு, பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிற ஒரு உலகம். அங்கே நான் என்னவாக இருந்தாலும், கிளைக்குள் நுழைகிற எவனும் அவளிடம் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான்.

மூன்றாவது பாகம் 2024 மார்ச்சில் வரும் என்று முதலில் சொன்னார்கள். ஹாலிவுட்டில் ஸ்டிரைக் வந்தது, படம் தள்ளிப்போனது, இப்போது 2027 ஜூன் என்று அறிவித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா எல்லாம் விசாரித்து முடித்த பிறகு பேரனைக் கூப்பிடுவாள். "அந்தப் போலீசுக்காரனைக் காப்பாத்திட்டானாய்யா?" "இன்னும் இல்ல அப்பத்தா, 2027." "அம்புட்டு நாளா அந்தப் பய ஓடிக்கிட்டே இருக்கானா?" இரண்டு வருடமாக இதே பேச்சுதான்.

படம் வந்ததும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இங்கிலீஷில் கூட்டிக்கொண்டு போனால், பக்கத்தில் உட்கார்ந்து எல்லார் குரலிலும் அவன் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.